வெறுங்கையோடு நடக்காதவர்

அந்த அம்மணியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது. பேரை எழுத மாட்டேன். இப்போது வேறொருவர் பட்டறையில் வேலை செய்கிறார். என்னால் அங்கே அவருக்கு ஒரு பேச்சு வர வேண்டாம். ஆனால் ஆளைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். போன வாரம் டை கட்டிய ஒரு தம்பி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் ஷெட்டுக்கு வந்தான். இருக்கிற மெஷினில் இருந்தே இன்னும் நிறைய எடுக்கலாம் சார் என்று எனக்கே வகுப்பு நடத்தினான். கலர் கலராகப் படம் போட்டு ஒரு மணி நேரம் பேசினான். அவன் பேசப் பேச எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அத்தனையையும் எட்டாவது வரை படித்த ஒரு பொம்பளை அவனுக்கு முன்னாலேயே எனக்குச் சொல்லிவிட்டார், அதுவும் இரும்புத் துருவல் அள்ளிக்கொண்டே. அவரை நான் என்ன பண்ணினேன் என்பதுதான் கதை.

நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். கணபதி ஏரியாவில் வாடகைக் கொட்டாயில் ஒரே ஒரு பழைய லேத்தை வைத்து ஆரம்பித்தவன். இன்றைக்குச் சொந்த ஷெட், இரண்டு சி.என்.சி. மெஷின், எட்டு பேருக்கு வேலை. எந்த இன்ஜினியரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ரோட்டில் நின்று சத்தத்தைக் கேட்டே உள்ளே டூல் மழுங்கிவிட்டதென்று சொல்லுவேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன். பட்டுத் தேறினவன் பெருமைப்படாமல் வேறு யார் படுவது?

அந்த அம்மணி வால்பாறைப் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவர். கொழுந்து பறித்தவர். என்னிடம் பிசிறு எடுக்கிற வேலைக்கு வந்தார். மெஷினில் இருந்து வருகிற உருப்படியின் ஓரத்தில் கையைக் கிழிக்கிற மாதிரி ஒரு பிசிறு நிற்கும், அதை அரம் போட்டு ராவி எடுக்க வேண்டும். வந்த முதல் நாளே எனக்கு ஒன்று கண்ணில் பட்டது. அவர் எங்கேயும் வெறுங்கையோடு போகவில்லை. பாத்ரூம் போவதென்றால் போகிற வழியில் இருக்கிற தொட்டிக்கு எண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு போவார். வருகிறபோது ஒரு குடம் தண்ணீரோடு வருவார். டீக்காரர் வந்தால் காலி கிளாஸ்களோடு எழுந்து போய் நிறைந்த கிளாஸ்களோடு திரும்புவார். வருஷத்துக்கு ஒருமுறை மலைக்குப் போவார். ஏறும்போது சின்ன வெங்காயம், இறங்கும்போது தேயிலைத் தூள். அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் மடியில் மூட்டையை வைத்துக்கொண்டே வருவார் போல.

என் சின்னம்மா காலமானபோது துக்கம் கேட்க வந்திருந்தார். அழுதார், உட்கார்ந்திருந்தார், எழுந்தார். போகும்போது பந்தல்காரனுடைய நாற்காலி இரண்டை மடக்கி எடுத்துக்கொண்டு போய் வாசலில் அடுக்கிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். எழவு வீட்டில் சிரித்த பாவம் அவளுக்கு இன்னும் போகவில்லை.

ஒருநாள் கேட்டேன், ஏனம்மணி, உங்களுக்குச் சும்மா கையை வீசி நடக்கவே வராதா என்று. எஸ்டேட்டில் கொழுந்துக் கூடையை முதுகில் போட்டு எடை போடுகிற இடத்துக்கு இறங்க வேண்டுமாம், காலிக் கூடையோடு மறுபடியும் ஏற வேண்டுமாம். இவருடைய அம்மா மட்டும் ஏறும்போது மேலே இருக்கிற எல்லாருக்கும் குடிதண்ணீர் கொண்டுபோவாராம். அதைச் சொல்லிவிட்டு, "ஏறுற காலு எப்பிடியும் ஏறத்தானுங்க போகுது. சும்மா எதுக்குங்க ஏறோணும்" என்றார். அவ்வளவுதான், அரத்தை எடுத்துக்கொண்டார். அந்த அம்மணிக்குப் பேச்சும் அப்படித்தான், தேவைக்கு மேல் ஒரு சொல் வராது. நம் ஊரில் ஒரு ஆளைப் பார்த்தால் சாப்பிட்டீங்களா என்று கேட்போம். பதிலுக்காகவா கேட்கிறோம்? அவர் கேட்டால் பதிலுக்குக் காத்திருப்பார். நீங்கள் இல்லை என்று சொன்னால் டப்பாவைத் திறந்து முன்னால் வைப்பார். நம்மிடம் யாராவது, வாங்க ஒரு நாளைக்கு வீட்டுக்கு என்றால் தலையை ஆட்டிவிட்டுப் போவோம். இவர் எந்த நாள் என்று கேட்பார். அதைத்தான் நான் சரியாகக் கவனிக்காமல் விட்டேன்.

ஆறே மாதத்தில் அவரை மெஷினில் நிறுத்தினேன். ஆளைப் பார்த்தாலே எடை போடுகிறவன் நான், அதில் என் கணக்குத் தப்பவில்லை. சி.என்.சி. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். படுக்கப்போட்ட பெரிய இரும்பு பீரோ மாதிரி இருக்கும். கதவைத் திறந்து வார்ப்புத் துண்டை உள்ளே மாட்டி, கதவைச் சாத்திப் பட்டனை அமுக்கினால், புரோகிராமில் எழுதி வைத்தபடி டூல் தானாக வந்து கடைந்துவிட்டுப் போகும். கடைகிற வரைக்கும் மேலே பச்சை விளக்கு. முடிந்தால் மஞ்சள். மஞ்சள் எரிகிற நேரமெல்லாம் மெஷின் சும்மா நிற்கிறதென்று அர்த்தம். புரோகிராமை எழுதுகிறவன் செட்டர். அதைத் திருத்துவதற்கு மெஷினில் ஒரு சாவி உண்டு, அது செட்டர் கையில் இருக்கும். என் செட்டர் டிப்ளமா படித்தவன். அதை எல்லோருக்கும் ஞாபகப்படுத்திக்கொண்டே இருப்பான்.

நாங்கள் ஒரு பம்ப் கம்பெனிக்கு புஷ், அதாவது நடுவில் துளை உள்ள உருளை வளையம், கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தோம். என் ஷெட்டில் முக்கால்வாசி வேலை அதுதான். ஒருநாள் அந்தக் கம்பெனியின் பர்ச்சேஸ்காரர் வந்தார். இனிமேல் தினம் கொடுக்கிறதைப்போல ஒன்றரை மடங்கு வேண்டும் என்றார். தீபாவளி கழிந்து ஒரு வாரம் முழுக்க வந்து உட்கார்ந்து எண்ணுவேன், வந்தால் ஆர்டர் உங்களுக்கு, வராவிட்டால் ராஜ்கோட்காரனுக்கு என்றார். என்னுடைய காபியைக் குடித்துக்கொண்டே சொன்னார். எனக்கு எட்டு பேரின் முகமும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. இன்னொரு மெஷின் வாங்க அப்போது எனக்கு வழியில்லை. இருக்கிற இரண்டை வைத்துத்தான் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஷெட்டைச் சாத்த வேண்டும்.

செட்டர் சுலபமான வழி ஒன்றைக் கண்டுபிடித்தான். மெஷினில் வேகத்தைக் கூட்டுகிற திருகு ஒன்று இருக்கிறது. அதை முறுக்கிவிட்டான். டூல் ஓடுகிற ஓட்டத்தைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டே நாளில் டூல் முனைகள் உதிர ஆரம்பித்தன. புஷ்ஷின் துளை ஒரு பக்கம் அகலமாக, ஒரு பக்கம் ஒடுங்கி வந்தது. அந்த அம்மணி திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து வைத்தார். செட்டர் வந்து கூட்டினான். அவன் முதுகு திரும்பியதும் இவர் குறைத்தார். மூன்றாம் நாள் இரண்டு பேருக்கும் முட்டிக்கொண்டது. அவன் என்னிடம் வந்து, படிச்ச நான் சொல்றதைக் கேக்கணுமா, கொழுந்து பறிச்சவங்க சொல்றதைக் கேக்கணுமா என்று நின்றான்.

நான் அம்மணியைக் கேட்டேன். அவர் மெஷினின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தினார்.

"ஏனுங்கண்ணா, இந்த டூலு எங்கிருந்து வருதுன்னு பாருங்க. அத்தனை தூரத்துல இருந்து மெள்ள மெள்ள வருதுங்க. தொட்டுக் கடையறது கொஞ்ச நேரந்தான். கடைஞ்சுபோட்டு வெறுங்கையோட திரும்பிப் போகுதுங்க."

செட்டர் சிரித்துவிட்டான். "டூலுக்கு ஏதுங்கக்கா கை?" என்றான்.

நான் சிரிக்கவில்லை. பிடிபட்டுவிட்டது எனக்கு. காற்றில் வருகிறபோது அத்தனை மெதுவாக வர என்ன அவசியம்? பாய்ந்து வந்து துண்டுக்குப் பக்கத்தில் நிதானித்தால் போதாதா? திரும்பிப் போகிற வழியிலேயே அந்த ஓரத்தைச் சீவிவிட்டுப் போனால் என்ன? அப்போது பிசிறும் இருக்காதே! ஆக, இந்த ஷெட்டில் அவர் செய்துகொண்டிருந்த முதல் வேலையே இல்லாமல் போகிற மாதிரி ஒரு யோசனையைச் சொல்லிவிட்டு நிற்கிறார். செட்டரை உட்கார வைத்து அன்றைக்கே புரோகிராமைத் திருத்த வைத்தேன். அவன் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டுதான் திருத்தினான். திருகில் யாரும் கை வைக்காமலேயே எண்ணிக்கை ஏறியது. ஒன்றரை மடங்குக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அந்தக் கொஞ்சத்தில்தான் வந்தது வினை.

இரண்டாவது மெஷினில் நின்ற ஒடிசாக்காரன் தங்கை கல்யாணம் என்று ஊருக்குப் போனவன் வரவில்லை. இரண்டு மெஷினையும் அந்த அம்மணியே ஓட்டினார். இரண்டும் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக ஒரே பக்கம் பார்த்து நிற்கும். முதல் மெஷினில் துண்டை மாட்டிவிட்டுத் திரும்பினால் எதிரில் இரண்டாவது மெஷினின் முதுகுதான் இருக்கும். அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். நடந்தால் பதினான்கு எட்டு. எனக்கு எப்படித் தெரியும்? அவர்தான் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு கோடு போட்டிருந்தார். போகும்போது ஒரு டிரே, வரும்போது ஒரு டிரே என்று அதையும் வெறுங்கையாக நடக்காமல்தான் நடந்தார். ஆனாலும் அவர் நடக்கிற நேரமெல்லாம் ஏதாவது ஒரு மெஷினில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

இரண்டாவது மெஷினைத் திருப்பிப் போட்டுவிட்டால் இரண்டும் எதிரும் புதிருமாக நிற்கும், நடுவில் நின்று திரும்பினாலே போதும் என்றார். கேட்டதும் நான் எழுந்துவிட்டேன். ஆகாது என்றேன். ஏனென்றால் அப்படிப் போட்டால் அந்த மெஷினில் நிற்கிற ஆள் தெற்கே பார்த்து நிற்க வேண்டும். இந்த ஷெட்டுக்கு வாஸ்து பார்த்துக் கொடுத்தவர், வேலை செய்கிறவன் வடக்கே பார்க்க வேண்டும், தெற்கே பார்த்து நிற்கக்கூடவே கூடாது, அது எமன் திசை என்று சொல்லி, அதன்படிதான் அஸ்திவாரமே போட்டது. கிழக்கு மேற்காகப் போட ஷெட் அகலம் பத்தாது.

படித்தவர்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். கணபதிக் கொட்டாயில் என் முதல் லேத்தும் ஆள் தெற்கே பார்க்கிற மாதிரிதான் நின்றது. அதில் என் தம்பியின் இரண்டு விரல் போனது. கட்டுப் போட்ட கையோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்த இருப்பு இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அதற்கப்புறம்தான் நான் திசையை நம்ப ஆரம்பித்தேன். இதை அந்த அம்மணியிடமும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அந்த லேத்துக்குக் கதவு இருந்ததா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். எனக்குச் சுரீரென்றது. போய் வேலையைப் பாருங்க என்றேன்.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் கேட்டார். மறுபடியும் மாட்டேன் என்றேன். மூன்றாவது தடவையும் கேட்டார்.

நான்காவது தடவை அவர் கேட்டது சரியான நேரத்தில் இல்லை. வீட்டுக்காரியின் அண்ணன் மகளுக்குத் தாராபுரத்தில் கல்யாணம். நான் பட்டு வேட்டி கட்டி, காருக்குள் ஒரு காலை வைத்துவிட்டேன். உள்ளே இருந்து வீட்டுக்காரி சீர்த்தட்டை மடியில் வைத்துக்கொண்டு நேரமாச்சு, நேரமாச்சு என்கிறாள். அம்மணி ஷெட்டுக்குள்ளிருந்து வேகமாக வந்து, ஏனுங்கண்ணா, அந்த மெஷினு என்று ஆரம்பித்தார். பர்ச்சேஸ்காரர் வருகிறதற்கு இன்னும் ஒன்பதே நாள். எனக்கு நெஞ்சுக்குள் அந்த பயம் வேறு.

"உங்களுக்கு எது சரின்னு படுதோ அதையே பண்ணித் தொலைங்க. என்னைக் கேக்காதீங்க" என்று கத்திவிட்டுக் கதவை அறைந்து சாத்தினேன்.

இதைக் கேட்கிற நம் ஊர்க்காரன் எவனுக்கும் என்ன புரியும்? வாயை மூடிக்கொண்டு போ என்றுதானே புரியும்? கோபத்தில் கிளம்புகிற பேச்சுக்கு யார் அர்த்தம் பார்க்கிறார்கள்? அந்த அம்மணி பார்த்தார். முதலாளி வாயால் ஒன்று சொன்னால் அதற்குள் என்னவோ இருக்கும் என்று நினைத்தார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் தாராபுரத்தில் இருந்துவிட்டுத் திங்கட்கிழமை காலையில் நேராக ஷெட்டுக்கு வந்தேன். இரண்டாவது மெஷின் திரும்பி நின்றது. டீக்கடையில் பழக்கமான மெஷின் நகர்த்துகிற ஆட்களை ஞாயிற்றுக்கிழமை வரவழைத்து, ஜாக்கி வைத்துத் தூக்கி, உருளைக் குழாய்களின் மேல் உருட்டித் திருப்பியிருக்கிறார்கள். மட்டம் பார்த்துக் கொடுத்தது யார்? என் செட்டர்தான். அவனுக்கும் அந்த யோசனையில் நியாயம் தெரிந்திருக்கிறது. ஆனால் நான் உள்ளே நுழைந்ததும் அவன் போய்த் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டான். அவன் மேல் இருக்கிற கோபம் தனி.

அந்த அம்மணி நடுவில் நின்று தெற்கே பார்த்துத் துண்டை மாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தில் ஒரு சந்தோஷம். வாங்கண்ணா, கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதுங்களா என்றார்.

எனக்குக் கண் இருட்டியது. என் தம்பியின் கைதான் முன்னால் வந்தது. எல்லோருக்கும் முன்னால் கத்தினேன். அத்தனை வருஷமாக வாங்க போங்க என்று கூப்பிட்ட ஆளை நீ என்று கூப்பிட்டேன்.

"யாரைக் கேட்டு என் மெஷின்ல கையை வெச்சே? எஸ்டேட்ல கொழுந்து கிள்ளீட்டிருந்த கைக்கு எது எந்தத் திசைன்னு என்ன தெரியும்?"

ஷெட்டில் இரண்டு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. நம் பக்கத்தில் ஒரு மனுஷனை அடிப்பதற்குக் கையை ஓங்க வேண்டியதில்லை. பேச்சில் இருக்கிற மரியாதையை எடுத்துவிட்டால் போதும். அடி விழுந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"உங்களைக் கேட்டுத்தானுங்க செஞ்சேன்" என்றார்.

"நான் கோவத்துல சொன்னேன்."

"கோவம்னு எனக்குத் தெரியலைங்க. சொன்னீங்கன்னுதான் தெரியுமுங்க."

போ வெளியே என்றேன். அவர் மெஷினில் இருந்த துண்டு முடிகிற வரைக்கும் நின்றார். எடுத்து அளந்து பார்த்து டிரேயில் வைத்தார். கையைத் துடைத்து, டப்பாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். வாசலுக்கு நடந்தார். வழியில் துருவல் தொட்டி நிறைந்திருந்தது. வெளிக் கேட்டுக்குப் பக்கத்தில்தான் அதைக் கொட்டுகிற இடம். தோளில் பையை மாட்டிக்கொண்டு, குனிந்து அந்தத் தொட்டியை இழுத்துக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு, காலித் தொட்டியைச் சுவர் ஓரமாகக் கவிழ்த்து வைத்துவிட்டு ரோட்டில் இறங்கிப் போனார். வேலையை விட்டுத் துரத்தப்பட்ட எந்த மனுஷனாவது இப்படிச் செய்வானா? எனக்கு அப்போது ஆத்திரம் இன்னும் ஏறியது. என்னைக் குத்திக்காட்டத்தான் செய்கிறார் என்று நினைத்தேன். இல்லை. அந்தப் பக்கமாகப் போனார், கையில் இடம் இருந்தது, அவ்வளவுதான்.

உடனே மெஷின் நகர்த்துகிறவர்களுக்குப் போன் போட்டு, திருப்பின மாதிரியே திருப்பி வையுங்கடா என்றேன். பத்து நாளைக்கு ஆள் இல்லை, திருப்பூரில் வேலை ஓடுகிறது என்றார்கள். பர்ச்சேஸ்காரர் வருகிற வாரம் வந்துவிட்டது. மெஷின் ஆளைத் தெற்கே பார்க்க வைத்துக்கொண்டு நிற்கிறது. அதில் யாரை நிறுத்துவது? என் வாயால் எமன் திசை என்று சொல்லிவிட்டு இன்னொரு வீட்டுப் பிள்ளையை அங்கே நிறுத்த முடியுமா? நானே நின்றேன். அறுபத்தெட்டு வயது. பர்ச்சேஸ்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணுகிறார், நான் சூடம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு நடுவில் நின்றேன்.

முதல் அரை மணி நேரம் பயம்தான். அப்புறம் பயம் போய் வேறொன்று வந்தது. துண்டு வைக்கக் கையை நீட்டினால் டிரே அங்கே இருந்தது. அளக்கத் திரும்பினால் கேஜ் இடுப்பு உயரத்தில் தொங்கியது. கடைந்ததை வைக்கிற தட்டு, வலது கை தானாகப் போகிற இடத்தில் இருந்தது. பழைய இரும்பு ஆங்கிளை வெட்டி, இத்தனையும் வைக்கிற ஸ்டாண்டை ஞாயிற்றுக்கிழமையே அடித்து வைத்திருக்கிறார். அவர் என்னைவிட ஒரு சாண் குட்டை. ஆனால் ஸ்டாண்டு என் உயரத்துக்கும் சரியாக இருந்தது, ஏற்றி இறக்க ஒரு போல்ட் வைத்திருந்தார். வடக்கே ஒன்று மாட்டுவேன், திரும்புவேன், தெற்கே ஒன்று மாட்டுவேன். ஒரே எட்டு. மேலே பார்த்தால் இரண்டிலும் பச்சை. நான் கத்தின கத்தலுக்கு ஒவ்வொரு துண்டும் எனக்குப் பதில் சொல்கிற மாதிரி இருந்தது. அந்த ஆறு நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். முழங்கால் வீங்கிப்போனது. கையில் ஒரு கீறல் இல்லை. லேத்துக்குக் கதவு இருந்ததா என்று அவர் எதற்காகக் கேட்டார் என்பது, கதவைச் சாத்திச் சாத்தி நின்ற மூன்றாம் நாள்தான் எனக்கு மண்டையில் ஏறியது. என் தம்பியின் விரலைத் தின்றது திசை இல்லை. கதவில்லாத லேத்தும், முழுக்கைச் சட்டையும், சீக்கிரம் முடி என்று பக்கத்தில் நின்று விரட்டிய நானும்தான்.

சனிக்கிழமை பர்ச்சேஸ்காரர் நோட்டை மூடினார். ஒன்றரை மடங்குக்கு மேலேயே வந்திருந்தது. ஆர்டர் எங்களிடமே தங்கியது. எட்டு பேர் வேலையும் தங்கியது, இல்லை, ஏழு பேர் என்று எழுத வேண்டும். மெஷின் நகர்த்துகிறவர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அதற்கப்புறம் எங்கள் பட்டறைக்காரர்கள் சங்கக் கூட்டத்தில் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, புது மெஷின் வாங்காமல் இருக்கிறதிலேயே எடுத்துக் காட்டினவர் என்று சால்வை போர்த்தினார்கள். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். டூலைப் பற்றிச் சொன்னேன், மெஷினைத் திருப்பினதைப் பற்றிச் சொன்னேன். நான், நான் என்றுதான் சொன்னேன். கை தட்டினார்கள். கீழே இறங்கி வருகிறபோது அந்தச் சால்வை கழுத்தில் அரித்தது. நான் பட்டுத் தேறின விஷயத்துக்கு எத்தனை பெருமை வேண்டுமானாலும் பேசுவேன். அது என்னுடையது. இது என்னுடையது இல்லை என்று எனக்கே தெரியும்.

மறுநாள் கேட்டு விசாரித்துக்கொண்டு குறிச்சிப் பக்கம் போனேன். சின்னப் பட்டறை, ஒரே ஒரு பழைய சி.என்.சி. அதன் ஓனர் என்னைத் தெரிந்தவர்தான், பேசிக்கொள்ளுங்கள் என்று ஒதுங்கிக்கொண்டார். அந்த அம்மணி வாங்கண்ணா என்றார். முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். எனக்கு உட்காரத் தோன்றவில்லை.

"ஆர்டரு நம்மகிட்டயே இருக்குதுங்க அம்மணி. நீங்க வாங்க. செட்டராவே வாங்க. சாவி உங்க கையில இருக்கட்டும்" என்றேன்.

சந்தோஷமுங்க என்றார். நிஜமாகவே சந்தோஷப்பட்டார், முகத்தில் தெரிந்தது. அத்தோடு விட்டிருக்க வேண்டும். அல்லது சொல்ல வேண்டியதை ஒழுங்காகச் சொல்லியிருக்க வேண்டும். தப்புப் பண்ணிவிட்டேன் என்கிற ஒரு வார்த்தையை இத்தனை வயசுக்கு நான் யாரிடமும் சொன்னதில்லை. அதற்குப் பதிலாக எல்லோரும் சொல்கிறதைச் சொன்னேன்.

"அன்னைக்குக் கோவத்துல சும்மா ஒரு வார்த்தை வந்துபோச்சு. அதையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க."

அந்த அம்மணி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, குத்தல் இல்லை. ஒரு புஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு இது தேறினதா, தள்ளினதா, எந்த டிரேயில் போடுவது என்று கேட்கிற அதே குரலில்தான் கேட்டார்.

"பண்ணித் தொலைங்கன்னு சொன்னதும் கோவத்துல சும்மா சொன்னதுங்க. கொழுந்து கிள்ற கைன்னு சொன்னதும் சும்மா சொன்னதுங்க. அப்பிடின்னா இப்பக் கூப்புடறீங்களே, இதை எதுல சேத்தறதுங்கண்ணா?"

ரோட்டில் நின்று டூல் சத்தத்தைக் கேட்டுச் சொல்லுகிறவன், பொம்மை மாதிரி நின்றேன். அவருக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு எரிந்தது. இருங்க வாரேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னால் திரும்பி வருவார், சந்தேகமே இல்லை. நான்தான் காத்திருக்கவில்லை.

காரை எடுத்தேன். முன்னால் போன ஆட்டோக்காரனைத் திட்டினேன். ஆத்துப்பாலத்தில் பஸ்ஸைக் குறுக்கே நிறுத்தினவனைத் திட்டினேன். சிக்னல் போட்டவனை, ரோட்டைத் தோண்டினவனை, வாஸ்துக்காரனை, செட்டரை, சால்வை போர்த்தினவர்களை என்று கணபதி வந்து சேர்கிற வரைக்கும் ஒருவரையும் விடாமல் திட்டிக்கொண்டே வந்தேன். திட்ட வேண்டிய ஆள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.